குயில்ட்டின் அடித்துணிக்கு எத்தனை மீட்டர் எடுப்பது?

மதுரை_ஒட்டுத்துணி:
எல்லோருக்கும் வணக்கம். ஏழு மாதமாகத் துண்டு துண்டாகச் சேர்த்துத் தைத்த குயில்ட்டின் (ஒட்டுத்துணிப் பஞ்சுப் போர்வை) மேல்துணி போன வாரம் முடிந்தது. மகள் மேற்படிப்புக்குப் பெங்களூரு போகிறாள், அங்கே குளிருக்குப் போர்த்திக்கொள்ள. அவளுடைய பழைய பாவாடை, என் அம்மாவின் சேலை, வீட்டில் கிடந்த பிட்டுத் துணி எல்லாம் அதில் இருக்கிறது. இனி நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பும் பின்பக்கத்துக்கு அடித்துணியும் வாங்க வேண்டும்.

அடித்துணிக்கு 44 பன்னா (அதாவது 44 இன்ச் அகலம்) காட்டன் கேம்ப்ரிக், நீல நிறம் பார்த்து வைத்திருக்கிறேன். கடைக்காரர் 5 மீட்டர் எடுக்கச் சொல்கிறார். என் தங்கை மூன்றரை போதும் என்கிறாள். யார் சொல்வதும் எனக்கு உறுதியாகப் படவில்லை.

பயத்துக்குக் காரணம் உண்டு. இரண்டு வருடம் முன்பு தம்பி மகனுக்குச் சின்ன குயில்ட் தைத்தபோது 44 பன்னா என்று நினைத்து வாங்கிய துணி 36 பன்னாவாக இருந்தது. வீட்டில் வந்து விரித்தால் ஒரு பக்கம் 5 இன்ச் போதவில்லை. இரண்டு வாரம் கழித்து அதே கடைக்குப் போனேன். அதே துணிதான், ஆனால் வேறு சாயத்தொட்டியில் வந்தது. கடையின் டியூப் லைட்டில் இரண்டும் ஒன்றாகத் தெரிந்தன. வெயிலில் பிடித்தபோது ஒன்று நீலம், இன்னொன்று பச்சை கலந்த நீலம். அதைப் பிரித்துத் தைத்த வேதனை இன்னும் போகவில்லை. இந்த முறை ஒரே தடவையில் சரியாக வாங்கிவிட வேண்டும்.

ஊசிமுனை:
முதலில் இரண்டு விஷயம் சொல்லுங்கள். மேல்துணியின் அளவு என்ன? கையால் ஓட்டுத்தையல் போடப் போகிறீர்களா, தையல் மிஷினிலா, அல்லது வெளியே யாரிடமாவது கொடுத்துப் பெரிய மிஷினில் அடிக்கப் போகிறீர்களா?

அளக்கும்போது ஓரத்தை மட்டும் அளக்காதீர்கள். ஒட்டுப்போட்ட துணியின் ஓரம் கை பட்டுப் பட்டு இழுபட்டு நீண்டிருக்கும். மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில் அகலம் பாருங்கள். நீளமும் அப்படியே. எது அதிகமோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மதுரை_ஒட்டுத்துணி:
அக்கா, இப்போதுதான் தரையில் விரித்து அளந்தேன். அகலம் ஓரத்தில் 60 இன்ச், நடுவில் 59½. நீளம் 76. கையால்தான் தைக்கப் போகிறேன். ஃபிரேம் கிடையாது, தரையில் விரித்து மூன்றையும் சேர்த்துப் பெரிய தையலாகக் கட்டிவிட்டு, மடியில் வைத்துத் தைப்பேன்.

ஊசிமுனை:
நல்லது. அப்படியானால் 60க்கு 76 என்று வைத்துக்கொள்வோம்.

அடித்துணி மேல்துணி அளவுக்கே இருந்தால் போதாது. தைக்கத் தைக்கப் பஞ்சு மூன்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும், அடித்துணியும் கொஞ்சம் நகரும். அதனால் நாலு பக்கமும் மிச்சம் விட வேண்டும். கையால் தைக்கிறவர்களுக்குப் பக்கத்துக்கு 2 முதல் 3 இன்ச் போதும். பெரிய மிஷினில் துணியை உருளையில் மாட்டி அடிப்பவர்கள் 4 இன்ச் கேட்பார்கள். உங்களுக்கு 3 என்று வைப்போம். அப்படியென்றால் தேவை 66க்கு 82.

இனிமேல்தான் முக்கியமான இடம். ஒரு தாளில் 66க்கு 82 என்று ஒரு கட்டம் போடுங்கள். 44 பன்னாத் துணியில் இரண்டு ஓரத்துக் கெட்டிக் கரையை வெட்டிவிட்டால் கைக்கு நிற்பது 42. இரண்டு துணியை மூட்டினால் 84, அதில் மூட்டும் தையலுக்கு ஒரு இன்ச் போய் 83.

அந்த மூட்டு மேலிருந்து கீழாக ஓடினால், இரண்டு துண்டும் 82 இன்ச் நீளம் வேண்டும். மொத்தம் 164 இன்ச், மீட்டருக்கு 39.37 இன்ச் என்று வகுத்தால் 4.17 மீட்டர். அகலத்தில் கிடைப்பது 83, தேவை 66. 17 இன்ச் வீண்.

அதே மூட்டு குறுக்காக, இடமிருந்து வலமாக ஓடினால் இரண்டு துண்டும் 66 இன்ச் போதும். மொத்தம் 132 இன்ச், 3.35 மீட்டர். கிடைப்பது 83, தேவை 82. கச்சிதம்.

கடைக்காரர் முதல் கணக்கைப் போட்டுக் கொஞ்சம் தாராளமாகச் சொல்லியிருக்கிறார். தங்கை இரண்டாவது கணக்கைப் போட்டிருக்கிறாள். இரண்டு பேரும் தவறில்லை. எந்தப் பக்கம் மூட்டுகிறோம் என்று முடிவு செய்யாமல் மீட்டர் சொல்லவே முடியாது. நான் தைக்க வந்து பதினெட்டு வருடமாகிறது, இந்தக் கட்டத்தை வரையாமல் இன்றும் கடைக்குப் போக மாட்டேன்.

கரூர்_தறி:
அக்கா, கணக்கு சரி. ஆனால் நனைக்காத துணிக்குத்தான் சரி. நான் கரூரில் வீட்டு ஜவுளி ஏற்றுமதி வேலையில் இருக்கிறேன், மெத்தை விரிப்பும் குயில்ட்டும் நாள் முழுக்கக் கையில் புரள்கிற தொழில். அதனால் சொல்கிறேன்.

காட்டன் முதல் நனைப்பில் சுருங்கும். சாதாரண கேம்ப்ரிக், பாப்ளினுக்கு நூற்றுக்கு 3 முதல் 5 என்று நாங்கள் வைத்துக்கொள்வோம். காடா மாதிரிச் சலவை போடாத துணி என்றால் இன்னும் கூடும். தறியில் பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், இழுபட்டே நிற்கிறது. தண்ணீர் பட்டதும் அது தளர்ந்து தன் பழைய நிலைக்குப் போகிறது. அதனால் நீளத்தில் அதிகம் சுருங்கும், அகலத்தில் பொதுவாகக் குறைவு. குறைவு என்றாலும் ஒரு இன்ச் போகும். உங்கள் குறுக்கு மூட்டுக் கணக்கில் மிச்சம் ஒரே ஒரு இன்ச்தான். ஒவ்வொரு துண்டிலும் ஒரு இன்ச் சுருங்கினால் 41ம் 41ம் 82, மூட்டுக்கு ஒன்று போய் 81. தேவை 82. மாட்டிக்கொள்வார்கள்.

இன்னொன்று. "44 பன்னா" என்பது கடைப்பேச்சு. அந்தத் துணியே 42ம் இருக்கும், 43ம் இருக்கும், சில நேரம் 45ம் இருக்கும். தறி, சாயம், கடைசியில் துணியை இழுத்து விரிக்கும் விதம் எல்லாம் சேர்ந்துதான் பன்னா வருகிறது. சகோதரி, கடையில் துணியை விரிக்கச் சொல்லி, இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு டேப்பை வைத்து நீங்களே பாருங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஊசிமுனை:
தம்பி சொல்வது முழுக்கச் சரி, நான் அகலச் சுருக்கத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. நான் பெரும்பாலும் பழக்கமான ஒரே துணியில் தைக்கிறவள், நனைத்து வைத்த துணியின் அளவே மனதில் நின்றுவிட்டது. மதுரை அக்கா, மேலே நான் சொன்ன 3.35 மீட்டரை அப்படியே எடுத்துவிடாதீர்கள்.

பழம்புடவை:
கடைக்குப் போவதற்கு முன் அலமாரியை ஒரு தடவை பாருங்கள் என்று சொல்ல வந்தேன். பழைய காட்டன் சேலை ஒன்று இருந்தால் அடித்துணிக்கு அதைவிட நல்லது எதுவுமில்லை.

கணக்குப் பாருங்கள். சேலை ஐந்தரை மீட்டர், அதாவது 216 இன்ச். நடுவில் கிழித்தால் இரண்டு 108 இன்ச் துண்டு. பன்னா 46 என்றால் இரண்டையும் மூட்டியதும் 91. ஆக 91க்கு 108 அடித்துணி, ஒரே ஒரு மூட்டில். பெரிய இரட்டைக் கட்டில் குயில்ட்டுக்கே போதும். பல வருடம் துவைத்த துணி, இனிச் சுருங்க அதில் எதுவும் இல்லை. ஊசி வெண்ணெயில் போவதுபோலப் போகும். வங்காளத்துக் காந்தா போர்வையே பழைய சேலைகளை ஒன்றின்மேல் ஒன்று அடுக்கி ஓட்டுத்தையல் போட்டதுதான்.

ஆனால் எல்லாச் சேலையும் ஆகாது. ஜன்னல் பக்கம் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். இடுப்பில் கொசுவம் செருகிய இடமும், கால் பக்கம் தரையில் உரசிய ஓரமும் நைந்து, நூல் விலகி வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியும். அந்த இடத்தைத் தவிர்த்து வெட்டுங்கள். ஜரிகைக் கரை வேண்டாம், கன்னத்தில் உராயும். நான் என் மாமியாரின் சுங்குடிச் சேலையை இப்படித்தான் எடுத்தேன். முந்தானையை வெட்டாமல் கால்மாட்டுப் பக்கம் வரும்படி வைத்தேன். இன்றும் என் மகன் அந்தப் பக்கத்தைத்தான் முகத்துக்கு இழுத்துக்கொள்கிறான்.

மதுரை_ஒட்டுத்துணி:
படிக்கும்போதே ஆசையாக இருக்கிறது. ஆனால் அம்மாவின் சேலையில் நல்ல பாகம் எல்லாம் மேல்துணிக்கே போய்விட்டது. மிச்சம் இருப்பது நீங்கள் சொல்கிற அந்த நைந்த பாகம்தான். அதனால் புதுத்துணி வாங்கியே ஆக வேண்டும்.

ஒரு சந்தேகம். பெட்ஷீட் ஒன்றை வாங்கி அப்படியே அடித்துணியாக்கினால் மூட்டே வேண்டாமே? 90க்கு 100 எளிதாகக் கிடைக்கிறது.

ஊசிமுனை:
செய்யலாம், நானும் ஒரு முறை செய்தேன், கையால் தைக்கிறவர்களுக்கு மட்டும் பரிந்துரைக்க மாட்டேன். கடையில் வழவழவென்று விற்கும் பெட்ஷீட்டுக்கு நெசவு நெருக்கம் அதிகம். ஊசி உள்ளே போகாது, போனால் வெளியே வராது. ஒரு மாலைக்குள் நடுவிரல் நுனி புண்ணாகிவிடும். மிஷினில் தைப்பவர்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். சந்தேகமாக இருந்தால் ஷீட்டின் மூலையில் நீங்கள் தைக்கும் ஊசியால் பத்துத் தையல் போட்டுப் பாருங்கள், விரலே சொல்லிவிடும்.

பழம்புடவை:
இதில் எனக்குக் கொஞ்சம் மாறுபட்ட கருத்து. எல்லா பெட்ஷீட்டும் அப்படியில்லை. சென்னிமலை பக்கத்துக் கைத்தறி விரிப்பு நூல் தடிமனாக, நெசவு தளர்வாக இருக்கும், ஊசி நன்றாகவே போகிறது. கனம் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். பெங்களூர்க் குளிருக்கு அந்தக் கனம் நல்லதுதானே?

ஊசிமுனை:
கனம் கட்டிலில் விரிக்கும்போது தெரியாது, வாளியிலிருந்து பிழிந்து எடுக்கும்போது தெரியும். ஹாஸ்டல் பிள்ளை கையால் துவைக்க வேண்டியிருக்கும், அதை நினைத்துச் சொல்கிறேன். மற்றபடி நீங்கள் சொல்வதை ஏற்றுக்கொள்கிறேன்.

டொரொண்டோ_தையல்:
நான் யாழ்ப்பாணம், இப்போது கனடாவில். நீளத்தை எந்த அளவில் சொல்கிறோம் என்பதில் கவனம் வேண்டும், நான் அதில்தான் அடிபட்டேன். எங்கள் ஊரில் அம்மா ஆட்கள் துணியை யார் (கெஜம்) கணக்கில்தான் கதைப்பார்கள். ஒரு யார் 36 இன்ச், மீட்டரைவிட மூன்று இன்ச்சுக்கு மேல் குறைவு. அமெரிக்கக் குயில்ட் புத்தகம், வீடியோ எல்லாமும் யார் கணக்குத்தான். கனடாக் கடையில் மீட்டர். புத்தகத்தில் "5" என்று போட்டிருந்தால் அது 4.57 மீட்டர். 5 மீட்டர் வாங்கினால் கூடிப்போகும், அது பரவாயில்லை. மாறி நடந்தால்தான் கஷ்டம். வீட்டில் மீட்டரில் கணக்குப் போட்டுவிட்டு, யார் கணக்கில் விற்கிற கடையில் அதே எண்ணைச் சொன்னால், 4 மீட்டருக்கு 13 இன்ச் குறையும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

அதோடு, அந்தப் புத்தகங்களில் துணியின் அகலம் 40 அல்லது 42 என்று எடுத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டிருப்பார்கள். அங்கே குயில்ட் துணி 42 முதல் 44 இன்ச். நீங்கள் 36 பன்னாத் துணியை வைத்துக்கொண்டு அந்தக் கணக்கைப் பின்பற்றினால் நிச்சயம் போதாது.

இங்கே அடித்துணிக்கென்றே 108 இன்ச் அகலத்தில் துணி வருகிறது. அது கிடைத்தால் மூட்டே இல்லை. உங்கள் 66க்கு 82 அளவுக்கு, 82ஐ அகலத்தில் போட்டுவிட்டு 66 இன்ச் நீளம் வெட்டினால் முடிந்தது. சுருக்கத்துக்கும் சேர்த்து 1.85 மீட்டர் எடுத்தால் போதும். மீட்டர் விலை இரண்டு மடங்குக்கு மேல் என்றாலும் மொத்தத்தில் பெரிய வித்தியாசம் வராது.

கரூர்_தறி:
அகலப் பன்னா இங்கேயும் கிடைக்கும், 90, 108 எல்லாம் ஓட்டுகிறோம். பெட்ஷீட் தைப்பவர்கள் வாங்குவது அதுதான். சில்லறைக் கடையில் கேட்டால் இருக்காது. ஈரோடு, கரூர்ப் பக்கம் மொத்த ஜவுளி விற்கும் இடத்தில் விசாரித்தால் வெட்டிக் கொடுப்பார்கள். ஆனால் வெள்ளையும் காடாவும்தான் அதிகம் இருக்கும்.

அகலம் கூடினால் எப்போதும் லாபம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். இந்த அளவுக்கு 58 பன்னா எடுத்துப் பாருங்கள். 66க்கு ஒற்றைத் துணி போதாது, இரண்டு வேண்டும். மறுபடியும் 132 இன்ச்தான் வெட்ட வேண்டும், 44 பன்னாவுக்கு வெட்டிய அதே அளவு. கூடுதல் அகலம் முழுக்க வெட்டி எறிவதற்கு. மேல்துணி 50 இன்ச்சுக்குள் இருந்தால்தான் 58 பன்னா ஒற்றையாக நின்று பலன் தரும்.

புதுஊசி:
இடையில் நுழைவதற்கு மன்னியுங்கள். நான் தொட்டில் பிள்ளைக்குச் சின்னதாக 40க்கு 52 தைத்திருக்கிறேன். 3 இன்ச் விட்டால் 46க்கு 58 வேண்டும். துணி 42 தான். வெறும் 4 இன்ச்சுக்காக இரண்டு துணி எடுத்து மூட்ட வேண்டுமா?

கோணக்கணக்கு:
நல்ல கேள்வி. நான் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன், வீட்டில் மனைவி தைப்பவர், அளவெடுப்பது நான். உங்களுக்குக் குறுக்கு வெட்டு ஒன்று சொல்கிறேன்.

ஒரே துண்டுத் துணியை மூலைக்கு மூலை வெட்டுங்கள். இரண்டு முக்கோணம் வரும். ஒன்றை அப்படியே வைத்துவிட்டு மற்றதை அந்தச் சாய்ந்த வெட்டு வழியாகவே கீழ்நோக்கி வழுக்குங்கள். அகலம் கூடும், நீளம் குறையும். வேண்டிய அகலம் வந்ததும் அங்கேயே நிறுத்தி மூட்டுங்கள். இரண்டு முனையில் துருத்தி நிற்கும் கூர்களை வெட்டிவிடுங்கள்.

எவ்வளவு நீளம் வாங்குவது? உங்களுக்குக் கூட வேண்டிய அகலம் 4 இன்ச், துணி 42. நாலை 42ஆல் வகுத்தால் சுமார் 0.095. அகலம் எந்த விகிதத்தில் கூடுகிறதோ, நீளம் அதே விகிதத்தில் குறையும். அப்படியானால் 58ஐ 0.905ஆல் வகுக்க வேண்டும், 64 இன்ச் வருகிறது. தையலுக்கும் கோணல் திருத்தவும் 3 இன்ச் சேர்த்து 67, அதாவது 1.70 மீட்டர். நனைத்த துணியாக இருந்தால்தான் இந்தக் கணக்கு. நனைக்காததென்றால் 1.80 எடுங்கள். இரண்டு துணியை நேராக மூட்டியிருந்தால் சிக்கனமான பக்கத்திலேயே 92 இன்ச், 2.34 மீட்டர் ஆகியிருக்கும்.

மெய்தானா என்று தாளில் வெட்டிப் பார்த்துவிட்டுத் துணியில் கை வையுங்கள். ஒரு பக்கம் நோட்டுத் தாள் போதும்.

ஊசிமுனை:
ஐயா சொல்லும் முறையில் நானும் இரண்டு தொட்டில் குயில்ட் தைத்திருக்கிறேன். ஒரு எச்சரிக்கை மட்டும். சாய்வாக வெட்டிய ஓரம் ரப்பர் மாதிரி இழுபடும். வெட்டுவதற்கு முன் துணிக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்யுங்கள். மூட்டும்போது இழுக்காமல், குண்டூசி நெருக்கமாகக் குத்தி, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் போங்கள். கோடு, கட்டம் போட்ட துணிக்கு இது ஆகாது, கோடு மூட்டில் உடைந்து தெரியும். சாதா நிறமோ சிதறின பூவோ நல்லது.

புதுஊசி:
தாளில் வெட்டிப் பார்த்தேன், வருகிறது! மிக்க நன்றி ஐயா, நன்றி அக்கா.

பழம்புடவை:
மூட்டு குறுக்காக வருவது பற்றி யாரும் பேசவில்லையே. எனக்கு அது பார்க்கப் பிடிப்பதில்லை. போர்வையைத் திருப்பிப் போட்டால் வயிற்றுக்குக் குறுக்கே ஒரு கோடு. மேலிருந்து கீழாக ஓடினால் கண்ணுக்கு உறுத்தாது. முக்கால் மீட்டருக்காக ஏழு மாத வேலையின் அழகைக் குறைக்க வேண்டுமா?

ஊசிமுனை:
அழகு அவரவர் கண். பலத்தில் வித்தியாசம் இல்லை, மேலே முழுக்க ஓட்டுத்தையல் ஓடப் போகிறது. ஆனால் படம் போட்ட துணி, மயில், மரம் மாதிரி நிற்கும் படம் என்றால் குறுக்கு மூட்டில் அது படுத்துவிடும். அந்த மாதிரித் துணிக்கு நானும் நெடுக்கு மூட்டுத்தான் போடுவேன், கூடவே படம் பொருந்துவதற்கு ஒரு முழுப் படத்தின் உயரம் அதிகமாக வாங்குவேன். சாதா நீலத்துக்கு அந்தக் கவலை இல்லை.

எனக்கு உறுத்துவது மூட்டு நடு மத்தியில் விழுவதுதான். போர்வையை மடிக்கும்போதெல்லாம் அதே இடத்தில் மடியும், பத்து வருடத்தில் முதலில் தேய்வது அங்கேதான். மதுரை அக்காவுக்கு நான் சொல்வது இது. மேல்துணி தைத்ததில் மிஞ்சிய துண்டுகள் இருக்குமல்லவா? அவற்றைச் சேர்த்து 6 இன்ச் அகலத்தில் ஒரு நீளப் பட்டி தைத்து, இரண்டு நீலத்துக்கும் நடுவில் வையுங்கள். நனைத்த பின் 41, பட்டி 6, இன்னொரு 41. இரண்டு மூட்டுக்கு 2 போய் 86. தேவை 82. அகலச் சுருக்கம் பற்றிய பயமே போய்விடும், மடிப்பும் மூட்டின்மேல் விழாது.

நீளத்துக்கு 66 வேண்டும். நூற்றுக்கு ஐந்து சுருங்கும் என்று வைத்து 70 இன்ச். இரண்டு துண்டுக்கு 140. கடையில் வெட்டும்போது கோணலாகப் போவதைத் திருத்த 5, 6 இன்ச். மொத்தம் 146க்குள், 3.70 மீட்டர். 3.75 என்று கேளுங்கள்.

கரூர்_தறி:
கணக்கு இப்போது சரியாக நிற்கிறது. கத்தரியால் வெட்டாமல் கிழித்துக் கொடுக்கச் சொல்லுங்கள், கிழித்தால் குறுக்கே ஓடும் ஊடை நூல் வழியாக நேராகப் போகும். நீலம், சிவப்பு மாதிரி ஆழ்ந்த சாயமாக இருந்தால், வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து ஒரு மூலையில் தேய்த்துப் பாருங்கள். கைக்குட்டையில் நிறம் ஏறினால் அந்தத் துணி வேண்டாம். முதல் துவையலிலேயே மேல்துணியின் வெள்ளைக் கட்டத்தில் இறங்கிவிடும்.

டொரொண்டோ_தையல்:
இங்கே பலர் நனைக்காமலே தைக்கிறார்கள், தைத்து முடித்து முதல் தடவை துவைக்கும்போது எல்லாம் சேர்ந்து சுருங்கி, பழைய போர்வை மாதிரிச் சுருக்கம் விழுவது அவர்களுக்குப் பிடிக்கும்.

ஊசிமுனை:
மூன்று அடுக்கும் புதிதாக இருந்தால் அது நடக்கும். இவர் மேல்துணியில் பழஞ்சேலையும் பாவாடையும் இருக்கிறது, அது இனிச் சுருங்காது. அடித்துணி மட்டும் சுருங்கினால் மேலே பை பையாக உப்பி நிற்கும். இவர் கட்டாயம் நனைத்துத்தான் ஆக வேண்டும்.

மதுரை_ஒட்டுத்துணி:
பத்து நாள் கழித்து வருகிறேன். நடந்ததைச் சொன்னால் பின்னால் வருகிறவர்களுக்கு உதவும்.

கடையில் கரைக்குக் கரை டேப் வைத்தேன், 43 காட்டியது. கைக்குட்டை நனைத்துத் தேய்த்ததில் நிறம் ஏறவில்லை. 3.75 மீட்டர் கேட்டேன். கடைப் பையன் மேஜையில் பதித்த கோலில் அளந்து, ஓரத்தில் சின்னதாகக் கத்தரி வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தான். அந்தச் சத்தம் கேட்டபோதுதான் மனசு நிம்மதியானது.

வீட்டில் வந்ததும் கிழிந்த இரண்டு முனையிலும் நூல் பிரியாமல் பெரிய தையல் ஓட்டிவிட்டு, இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறப் போட்டேன். காலையில் பிழியாமல் கொடியில் போட்டு, லேசான ஈரத்திலேயே இஸ்திரி போட்டேன். அளந்தால் பன்னா 42. 147½ இன்ச்சாக வந்த நீளம் 142 ஆகியிருந்தது. தம்பி சொன்னது அப்படியே. கரையை வெட்டியதும் சரியாக 41.

நடுவில் 71, 71 என்று கிழித்தேன். பட்டிக்கு மிஞ்சிய துண்டு போதுமா என்று பயந்தேன், போதியது. சிவப்பு, மஞ்சள், அம்மாவின் சேலையில் நைந்த இடத்தைத் தள்ளிவிட்டு எடுத்த மூன்று துண்டு. மூட்டு இரண்டையும் ஒரு பக்கமாகச் சாய்க்காமல் விரித்து இஸ்திரி போட்டேன், மேலே ஓட்டுத்தையல் வரும்போது தடிக்கவில்லை. தரையில் அடித்துணியை நல்ல பக்கம் தரையைப் பார்க்கும்படி விரித்து, ஓரத்தை டேப்பால் தரையோடு ஒட்டி, பஞ்சு, மேல்துணி என்று போட்டபோது நாலு பக்கமும் நீலம் எட்டிப் பார்த்தது. பழம்புடவை அக்கா, குறுக்குப் பட்டி கண்ணை உறுத்தவில்லை, மகள் அதைத்தான் முதலில் தொட்டுப் பார்த்தாள்.

பழம்புடவை:
சந்தோஷம். இனி நானும் பட்டி வைத்துப் பார்க்கிறேன். சுற்று ஓரத்துக்கு என்ன துணி போடப் போகிறீர்கள்?

மதுரை_ஒட்டுத்துணி:
71இல் 66 போக ஒவ்வொரு துண்டிலும் 5 இன்ச் மிஞ்சியது. அதை இரண்டரை இன்ச்சாக வெட்டி நாலு நீலப் பட்டி எடுத்துவிட்டேன். சுற்றளவு 272 இன்ச், மூலைக்கும் இணைப்புக்கும் சேர்த்து எட்டுப் பட்டி வேண்டும். மற்ற நாலும் சிவப்பில் போடுகிறேன்.